எங்கள் வீட்டுச் சர்பத்து

உணவின்றிச் சில நாள் உயிர் தாங்கலாம். நீரின்றி அங்ஙனம் தாங்குதல் அரிது. அதனாலன்றோ நம் முன்னோர், விருந்தினர் வாயிலில் அடிவைத்தவுடன் முதற்கண் நீர் தந்து, அதன் பின்னரே நலம் வினவினர்! அந்நீரிற் சிறிது இனிப்பும் சிறிது புளிப்பும் சேர்ந்துவிடின், அது நாவின் வறட்சியைப் போக்குவதோடு நில்லாது மனத்தையும் குளிர்விக்கும். அத்தகைய பானம் ஒன்றினைப் பற்றியும், அதனை ஆக்கப் புகுந்து யான் பட்ட இடரைப் பற்றியும் அன்பர்கட்குச் சில கூற விழைகின்றேன்.

எங்கள் இல்லம் இராஜபாளையத்தில் உள்ளது; என் பெரியப்பாவின் இல்லம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. முன்னது மலையடிவாரத்து மாந்தோப்புக்களாற் பெயர் பெற்றது. பின்னது ஆண்டாள் கோயிலின் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் புகழ் பெற்றது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவே உண்டு. எங்கள் ஆச்சி உயிரோடிருந்தவரையில், ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு நாள் உற்றார் யாவரையும் இராஜபாளையத்து வீட்டிற்கு அழைப்பார். ஐம்பதின்மர்க்குக் குறையாமற் கூடுவோம். காலை ஜெபம் முடிந்தவுடன் முற்றத்து வேப்பமர நிழலில் பித்தளை அண்டா ஒன்று வைக்கப்படும். சிறுவராகிய நாங்கள் ஆமென் சொல்லும் முன்னரே கண் திறந்து அதனை நோக்குவது வழக்கம்.

அவ்வண்டாவினுள் இருந்ததுதான் எங்கள் வீட்டுச் சர்பத்து. நன்னாரி, எலுமிச்சை, நுங்கு, இளநீர், மாம்பழம் என்னும் ஐந்தும் அதற்கு உறுப்புக்கள். நுங்கையும், இளந்தேங்காயின் வழுக்கையையும், சப்பட்டை என்னும் எங்களூர் மாம்பழத்தையும் சிறு சிறு துண்டங்களாக்கி ஆச்சி அதில் மிதக்கவிடுவார். பருகுவது பாதி, மென்று தின்பது பாதி. சர்பத்து என்னும் சொல், பருகுதலைக் குறிக்கும் அரபு மொழிச் சொல்லின் வழி வந்தது. ஆங்கிலர் விருந்துகளில் வழங்கும் 'பஞ்ச்' என்னும் கலவைப் பானத்தின் பெயரோ, ஐந்து எனப் பொருள்படும் நம் நாட்டுச் சொல்லினின்று பிறந்ததெனக் கூறுவோர் பலர். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், வாசனைப் பொருள் ஆகியவை அதன் ஐந்து உறுப்புக்களாம். எங்கள் ஆச்சி சாராயத்தை வீதியில் நிறுத்திவிட்டு, நன்னாரியை வீட்டினுள் அழைத்துக்கொண்டார் என்க.

கல்லூரிக்கு வந்த பின்னர், புறநானூற்றின் 24ஆம் பாட்டைப் பயின்ற அன்று யான் பெரிதும் வியப்புற்றேன். பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடியது அது. நெய்தல் நிலத்து மகளிர் பனைநுங்கின் நீரையும், கரும்பின் சாற்றையும், தெங்கின் இளநீரையும் ஒன்றாய்க் கலந்து பருகிக் கடலிற் பாய்ந்து ஆடுவதை அப்புலவர் அதிற் காட்டுகின்றார். எங்களூர்க்குத் தெற்கே மாங்குடி என்றோர் ஊர் உண்டு. அதுவே புலவர் ஊர் என்பாரும் உளர். ஆசிரியர் பொருள் கூறிக்கொண்டிருக்க, என் கண்முன்னோ வேப்பமரத்து நிழலும் பித்தளை அண்டாவுமே தோன்றின. ஆனால் அப்பொழுது ஆச்சி மறைந்து ஓராண்டு கழிந்திருந்தது.

ஆச்சியின் மறைவிற்குப் பின், வீட்டுப் பாகம் பற்றி என் தந்தையார்க்கும் பெரியப்பாவிற்கும் மனவேறுபாடு உண்டாயிற்று. யார் பக்கம் நியாயம் என்று கூற யான் தகுதியுடையேன் அல்லேன். இருவரும் பேச்சை நிறுத்தினர் என்பது மட்டும் அறிவேன். அவ்வாண்டு மே மாதத்தில் ஒருவரும் கூடவில்லை. பதினொரு கிலோமீட்டர் பதினோராயிரமாயிற்று.

மறு ஆண்டு விடுமுறையில், யானும் பெரியப்பாவின் மகளாகிய அக்காளும் தொலைபேசியில் உரையாடி, ஆச்சியின் நாளை விடலாகாது எனத் துணிந்தோம். தாயின் நாள் என்றமையால் பெரியோர் மறுக்க இயலவில்லை. சர்பத்து என் பொறுப்பாயிற்று. நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வாங்கி நீரில் ஊறவைத்தேன். கணக்கறியாது 60 எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து, சாற்றை முதல் நாள் இரவே ஆச்சியின் அண்டாவில் ஊற்றி மூடிவைத்து, பெருஞ்செயல் புரிந்தவன் போல் உறங்கினேன்.

விடியலில் முதல் ஆளாய் வந்த பெரியப்பா, அண்டாவைத் திறந்து பார்த்தார். சாற்றின் விளிம்பில் பசுமை படர்ந்திருந்தது.

"களிம்பு ஏறிவிட்டதப்பா! ஈயம் போன பித்தளையில் புளிப்பை வைக்கலாமா? ஒருவரும் வாயில் வைத்துவிடாதபடி முதலில் கீழே கொட்டு" என்றார்.

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஆச்சி அதற்கு ஈயம் பூசுவிப்பதை அப்பொழுதுதான் நினைந்தேன். இரண்டாண்டாக அதனைக் கவனிப்பார் இல்லை. என் கண்கள் கலங்கின. பெரியப்பா ஒன்றும் பேசாது சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "கடைக்கு ஓடு. புளியங்குடிப் பழம் 40 போதும். கத்தியும் பீங்கான் ஜாடியும் எடுத்து வை. தோலை நசுக்கிப் பிழியாதே, விதையும் நசுங்கலாகாது, இரண்டும் கசக்கும்" என்றார். இளமையில் எலுமிச்சை பிழிவது அவர் வேலையாம்.

"பாகு எப்படிக் காய்ச்சுவது பெரியப்பா?" என்றேன்.

"அது உன் அப்பன் வேலை. எனக்குத் தெரியாது."

தந்தையாரிடம் ஓடினேன். அவர் அடுக்களைக்கு வந்து, "சர்க்கரை ஒன்றரைக் கிலோ. பாகைத் தனியே காய்ச்சி இறக்கி, சூடு தணிந்த பின்னரே வேர் ஊறிய நீரை வடித்துச் சேர்க்க வேண்டும். வேரோடு கொதித்தால் மணம் ஆவியாய்ப் போய்விடும்" என்றார். பின்னர், "பழம் எத்தனை என்று உன் பெரியப்பாவிடம் கேள்" என்றார். யான் கேட்டு வந்து கூறினேன். "பாகு எத்தனை கம்பி என்று உன் அப்பனிடம் கேள்" என்று முற்றத்தினின்று மறுகேள்வி வந்தது. இருபது அடி தொலைவிற்குள் யான் எத்தனை முறை தூது நடந்தேன் என்பதை எண்ணவில்லை.

அண்டை வீட்டு எவர்சில்வர் அண்டாவில் சாறும், பாகும், இளநீரும், தண்ணீரும் கலந்தன. நுங்கும் மாம்பழமும் மிதந்தன. இறுதியில் உப்பு இடவேண்டும். அதன் அளவோ, இருவர்க்கும் தெரியவில்லை! அஃது ஆச்சி ஒருவரே தம் கையால் இடுவது. மகனுக்கொரு தொழிலாய்ப் பிரித்துக் கொடுத்த தாய், உப்பை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா ஒரு சிட்டிகை இட்டார், ஒரு கரண்டி மொண்டு சுவைத்தார், தலையசைத்தார். தந்தையார் அருகே வந்து, அதே கரண்டியை வாங்கிச் சுவைத்தார். நெடுநேரம் வாளாவிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடலாம், அண்ணே" என்றார்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிற் பேசிய முதற் சொல் அது. பெரியப்பா அவர் முகத்தை நோக்காமலே, "அம்மா கை தாராளந்தான்" என்று கூறி மறு சிட்டிகை இட்டார். யான் அவ்விடம் விட்டு மெல்ல அகன்றேன். தூதனுக்கு ஆண்டு வேலை இல்லையன்றோ!

அன்று வீட்டுப் பாகம் தீர்ந்ததென்று கூறேன், தீரவில்லை. இன்னும் பேசி வருகின்றனர். ஆயினும் பேசித்தான் வருகின்றனர். மாலையில் விடைபெறும்பொழுது பெரியப்பா அப்பழைய பித்தளை அண்டாவைத் தம் வண்டியில் ஏற்றினார். "ஸ்ரீவில்லிபுத்தூரில் ஈயம் பூசுகிறவன் ஒருவன் இருக்கிறான். அடுத்த மே மாதம் எல்லோரும் எங்கள் வீட்டிற்கு வந்துவிடுங்கள்" என்றார். தந்தையார், "நன்னாரி நான் கொண்டு வருகிறேன்" என்றார்.

அன்பர்காள், அண்டா நன்றாகவே இருந்தது, ஈயந்தான் தேய்ந்திருந்தது. உறவும் அத்தகையதென எனக்குத் தோன்றுகின்றது. ஆண்டிற்கொரு முறையேனும் அதற்கு ஈயம் பூசுதல் நம் கடன்.