ஜவ்வாது மலையில் ஒரு கூத்திரவு

வாணியம்பாடியை விட்டு ஆலங்காயத்தைக் கடந்ததும் சாலை மலையேறத் தொடங்குகிறது. சமவெளியின் வெக்கையும் தோல் பதனிடும் கூடங்களின் நெடியும் பின்தங்கிவிட, பேருந்தின் சாளரத்தில் குளிர்ந்த காற்று வந்து முகத்தில் படுகிறது. வழியில் காவலூர். வானியல் பயின்றோர் இவ்வூரின் பெயரை நன்கறிவர். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி 1986 ஆம் ஆண்டில் இங்கே திறந்துவைக்கப் பெற்றது. வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயரை அவ்வாய்வகம் தாங்கி நிற்கிறது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருண்ட வானத்தை நாடியே அறிஞர்கள் இம்மலையைத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் சென்ற வைகாசித் திங்களில் நான் அங்கே சென்றது விண்மீன்களைக் காண்பதற்கன்று; அதே இருட்டில் விடிய விடிய நடைபெறும் ஒரு தெருக்கூத்தைக் காண்பதற்காகும்.

என்னை அழைத்தவர் என் பழைய பங்கில் வளர்ந்த இளைஞர். இப்போது மலைமேல் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியொன்றில் ஆசிரியராய் இருக்கிறார். "சாமி, எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட அப்பாமார் ஆடுறாங்க. ஒருதரம் வந்து பாருங்க" என்று ஈராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஒரு சரக்கு வண்டியிலும், எஞ்சிய தொலைவைக் கால்நடையாகவும் கடந்து, பொழுது சாயும் வேளையில் அச்சிற்றூரை அடைந்தோம். சாமை விதைக்க உழுது போட்ட மேட்டு நிலங்கள் மழையை எதிர்நோக்கிக் கிடந்தன. வீட்டு முற்றங்களில் பலாப்பழம் மணத்தது.

இம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளுதல் ஆகாது; இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலை முதலியவற்றிலும் பரவி வாழ்கின்றனர். 2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் இவர்களே தொகையில் மிக்கவர்கள். ஏறத்தாழ 3 இலட்சத்து 58 ஆயிரம் பேர்.

தாங்கள் இம்மலைக்கு வந்த வரலாற்றை அவர்கள் ஒரு கதையாகச் சொல்வதுண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் அக்கதையைப் பதிந்திருக்கிறார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டனராம். இகழ்ந்து மறுக்கப்படவே, ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று அறிந்து, எங்களுக்குரிய ஈமக்கடன்களைச் செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் நீந்திக் கரையேறினர். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடரை வென்று ஊர் மீண்டபோது, உயிரோடிருந்தவர்களுக்கு ஈமக்கடன் முடிந்து, மனைவியர் கைம்பெண்களாகி இருந்தனர். ஊருக்குள் இடமற்றுப்போன அவ்வெழுவரும் வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலைமேல் ஏறி உழுது வாழத் தலைப்பட்டனர் என்பது கதை. இது எவ்வளவு வரலாறு என்று நான் ஆராயப் புகவில்லை. ஆயினும் எழுத்தில் வராமல் வாய்வழியே இத்தனை தலைமுறை வாழ்ந்த ஒரு கதைக்கு இத்துணைக் கட்டுக்கோப்பு எவ்வாறு வாய்த்தது என்று வியந்தேன்.

நாய் என்றதும் இன்னொன்று நினைவிற்கு வருகிறது. இம்மலையின் தெற்கே அமைந்த செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. அங்கே எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்று அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துத் தன் தலைவனருகே காவல் நின்றமைக்காக அதற்கும் கல்லில் இடம் கிடைத்தது. தங்கள் ஊரில் மடிந்த ஒருவனையும் அவன் நாயையும் ஊரார் மறக்க விரும்பாமையால் எழுந்த கல் அது.

இனிக் கூத்துக்கு வருவோம்.

இரவு பத்து மணிக்கு மிருதங்கமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் கூடிக் களரி கட்டின. அன்று பாஞ்சாலி துகிலுரிதல். எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் பூண்டு, இருவர் பிடித்த திரைக்குப் பின்னே துரியோதனன் நின்று பாடினான். திரை விலகிய கணத்தில் குழந்தைகள் அலறிய அலறலை நான் மறக்க மாட்டேன். கட்டியங்காரனோ யாரையும் விட்டுவைக்கவில்லை. அத்தினாபுர அரண்மனைக்குச் சாலை போடுவதாகச் சொல்லிக் கல்லை மட்டும் கொட்டிவிட்டுப் போன ஒப்பந்தக்காரரைப் பற்றி அவர் கூறியபோது ஊரே சிரித்தது. அவ்வூர்ச் சாலையில் நடந்து வந்த என் கால்களுக்கும் அதன் பொருள் விளங்கிற்று! ஆனால் பாஞ்சாலி சபைக்கு இழுத்துவரப்பட்டபோது சிரிப்பு அடங்கியது. கிழவியர் சிலர் எழுந்துவந்து, பெண்வேடமிட்டிருந்த அந்த ஆடவருக்குக் கற்பூரம் ஏற்றி வணங்கினர்.

அந்தப் பாஞ்சாலி ஆண்டில் எட்டுத் திங்கள் கேரளத்துத் தோட்டங்களில் மரம் வெட்டுபவர். விழாவுக்கென்று பத்து நாள் விடுப்பில் வந்திருந்தார். துச்சாதனன் ஆட வேண்டியவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே தாளம் போடுபவரே பாதி வேடத்தோடு அப்பகுதியை ஆடி முடித்தார். மலையில் விளையும் சாமையும் புளியும் ஆண்டு முழுவதற்கும் போதாமையால் ஆடவர் வெளியேறுகின்றனர். அவ்வாறு போனவர்கள் எல்லாரும் திரும்புவதுமில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலத்துச் சேஷாசலக் காட்டில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளருள் இம்மலையினரும் உண்டு. கூத்து நலிகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே கூத்தின்மேல் எவருக்கும் விருப்பம் குறையவில்லை. வேடங்கட்ட ஆள்தான் ஊரில் இல்லை.

விடிந்ததும், அரிதாரம் பாதி அழிந்த முகத்தோடு வாத்தியார் எங்களோடு அமர்ந்து கேழ்வரகுக் கூழ் அருந்தினார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். நகரத்து மேடைகளுக்கு அழைப்பு வருவதில்லையா என்று வினவினேன்.

"வரும் சாமி. பத்து நிமிசம் குடுப்பாங்க. பத்து நிமிசத்துல கட்டியங்காரன் வணக்கம் சொல்லி முடிக்கவே ஆவாது. வேசம் போட மூணு மணி நேரம், ஆடுறது பத்து நிமிசம். போட்டோ புடிச்சுக்கிட்டுச் சால்வை போர்த்தி அனுப்புவாங்க. சால்வை நெறைய இருக்குது."

இதைக் கேட்டபோது எனக்கு முகம் சிவந்தது. காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது முறையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பிலிருந்த பங்கின் திருவிழாவுக்குச் சமவெளியிலிருந்து ஒரு கூத்து ஜமாவை வரவழைத்திருந்தேன். அரைமணி ஆகியும் துரியோதனன் திரைக்குப் பின்னேயே பாடிக்கொண்டிருந்தான். இன்னிசைக் குழுவினர் காத்திருக்கிறார்கள் என்று விழாக் குழுவினர் பரபரத்தனர். நிறுத்தச் சொல்லி ஆளனுப்பினேன். திரை விலகாமலேயே அந்தத் துரியோதனன் கிரீடத்தைக் கழற்றிவிட்டுப் போனான். இன்னிசைக் குழுவுக்கு நாங்கள் கொடுத்த தொகை ஜமாவுக்குக் கொடுத்ததைப்போல் ஏழு மடங்கு.

உதவி செய்வதற்கு அமைப்புகள் இல்லாமலில்லை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் 1955 முதல் இயங்குகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் 2007 இல் அமைந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் முன்னின்று 1990 இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினர். அச்சங்கம் நடத்திய குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, பள்ளிப் படிப்போடு கூத்தும் பயின்றனர். யாழ்ப்பாணத்தில் அருட்திரு மரிய சேவியர் அடிகளார் 1965 இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் நம் மறையின் கதைகளையே கூத்தாக ஆடி வளர்த்ததை வாசகருள் சிலர் அறிந்திருக்கலாம். ஆயினும் இந்த மலைக்கூத்தரின் நிலை வேறு. கலையே தொழிலானவர்க்குப் படிவமும் அடையாள அட்டையும் உண்டு. சாமை விதைத்து, தோட்டக்காட்டில் மரம் வெட்டி, ஆண்டில் நான்கு இரவு பாஞ்சாலியாக நிற்பவர் தம்மைக் கலைஞர் என்று எந்தத் தாளிலும் எழுதிக்கொள்வதில்லை. ஊராரும் அவரை அவ்வாறு அழைப்பதில்லை. மாமன், மச்சான் என்றே அழைக்கின்றனர்.

பிரேசில் நாட்டில் 2004 இல் ஒரு திட்டம் தொடங்கியது. பாடகரான ஜில்பெர்ட்டோ ஜில் அப்போது அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சர். புதிய கலைக்கூடங்களைக் கட்டுவதை விடுத்து, சேரிகளிலும் காட்டோரச் சிற்றூர்களிலும் மக்கள் தாமே நடத்திவரும் ஆட்டமும் பாட்டும் எங்கெங்கே உயிரோடு இருக்கின்றன என்று தேடி, அவ்விடங்களைப் பண்பாட்டுப் புள்ளிகள் என்று பெயரிட்டு, அக்குழுக்களின் கையிலேயே பணத்தைக் கொடுத்தனர். என்ன ஆடுவது, எப்போது ஆடுவது என்பதை அவர்களே முடிவு செய்தனர். 2014 இல் அது சட்டமாகவும் ஆயிற்று. அத்திட்டத்திலும் கணக்குத் தாள்களின் தொல்லை மிகுதி என்று குறை கூறுவோர் உண்டு. ஆயினும் தேடிப் போதல் என்னும் அந்த முதற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

வாத்தியாரிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். பெரிதாக ஏதேனும் சொல்வார் என்று எண்ணினேன். அவர் விரல்விட்டு எண்ணினார். மழை நாளில் ஒத்திகை பார்க்க ஒரு கூரை. விழாவுக்கு விழா வாடகைக்கு எடுக்கும் கட்டைச் செட்டுக்குப் பதிலாகச் சொந்தமாய் ஒன்று. விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும் அந்த ஒரு மாதம் தாம் கூலிக்குப் போகாதிருக்க ஏதேனும் ஒரு வழி. பிறகு சற்றுத் தயங்கி, ஆர்மோனியத்தைச் சுட்டிக் காட்டினார். துருத்தி கிழிந்து, மூன்று கட்டைகள் ஒலியிழந்திருந்தன. இரவு முழுவதும் அந்த மூன்று சுரங்களையும் பாடகரே தம் குரலால் நிரப்பியிருக்கிறார், நான் கவனிக்கவேயில்லை.

கூரைக்கும் செட்டுக்கும் என்ன வழி என்று எங்கள் ஆசிரியர் ஊராரோடு பேசத் தொடங்கியிருக்கிறார். எங்கள் பங்கின் விழாக் குழுவிலும் அதைப்பற்றிப் பேச்சு நடக்கிறது. இன்னிசைக் குழுவை விட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள்; பேச்சு இன்னும் முடியவில்லை. வாத்தியாரோ ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். கூத்துப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் மேலே வாருங்கள், அல்லது எங்களுக்கு ஓர் இரவு முழுதாகக் கொடுங்கள் என்கிறார்.

ஆர்மோனியத்தை மட்டும் அன்றே ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கீழே எடுத்து வந்தேன். ஜமுனாமரத்தூரில் பேருந்து ஏறியபோது நடத்துநர் அதற்குச் சுமைக்கூலி கேட்டார். உள்ளே என்ன என்றும் வினவினார். சொன்னேன். எந்த ஊர் ஜமாவுடையது என்று கேட்டுவிட்டு, அதைத் தம் இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். கூலியை மட்டும் விடவில்லை.