அத்தாவின் கட்சியும் அவையின் பதிவேடும்



நாமக்கல்லில் எங்கள் அத்தா லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார்கள். பட்டறையின் உள்சுவரில் காலண்டர் ஒன்றும் எம்.ஜி.ஆர். படம் ஒன்றும் மாட்டியிருக்கும். காலண்டர் ஆண்டுதோறும் மாறும், படம் மாறியதில்லை. 1977 தேர்தல் முதல் ஒரே கட்சிக்கு வாக்களித்து வந்தவர்கள் அவர்கள். கட்சியில் பதவி எதுவும் கேட்டதில்லை. ரமளானில் பள்ளிவாசலுக்கு அரசாங்க அரிசி வந்து இறங்கும் நாளில் மட்டும் சற்று நிமிர்ந்து நடப்பார்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசி தரும் அத்திட்டம் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தொடங்கியது என்பதை ஒவ்வோர் ஆண்டும் யாரிடமாவது சொல்லிவிடுவார்கள்.

2019 டிசம்பர் 11, புதன்கிழமை. இஷா தொழுதுவிட்டு வந்து தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது என்ற செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஆதரவு 125, எதிர்ப்பு 105. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர் ஆகியோருக்குக் குடியுரிமை எளிதாகும். அந்தப் பட்டியலில் முஸ்லிம் இல்லை. முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழரும் இல்லை.

"நம்ம கட்சிக்காரங்க எதிர்த்துத்தான் போட்டிருப்பாங்க" என்றார்கள் அத்தா.

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவர்களுடைய நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அதே ஆண்டு ஜூலை 30ஆம் தேதி முத்தலாக் மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது அக்கட்சியின் அ. நவநீதகிருஷ்ணன் எழுந்து அதனை எதிர்த்துப் பேசினார். அந்தப் பேச்சின் காணொளியை அத்தா பட்டறைக்கு வருவோருக்கெல்லாம் காட்டினார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னர் மக்களவையில் அக்கட்சியின் ஒரே உறுப்பினரான தேனி இரவீந்திரநாத் அம்மசோதாவை ஆதரித்துப் பேசியதை நாங்கள் நினைவூட்டியபோது, "சின்னப் பையன், தெரியாமப் பேசிட்டான்" என்று தள்ளிவிட்டார்கள்.

எதிர்த்துப் பேசிய பிறகு அக்கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மசோதா 99க்கு 84 என்ற கணக்கில் நிறைவேறியது. இடைவெளி 15 மட்டுமே. வெளிநடப்பு என்றால் எதிர்ப்பு என்றே நாங்களும் அதுவரை எண்ணியிருந்தோம். அரசியலமைப்பின் 100ஆம் பிரிவை எங்கள் தங்கை மகள்தான் விளக்கினாள். அப்போது சேலத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அவையில் இருந்து வாக்களிப்பவர்களுள் பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு. வெளியே சென்றவர் எந்தப் பக்கத்திலும் எண்ணப்படமாட்டார். அவர் வெளியேறியதால் மசோதாவுக்குத் தேவையான எண்ணிக்கை குறையும்; கொண்டுவந்தவர்களுக்கு வேலை எளிதாகும். பேச்சைக் காணொளியில் பார்த்த நாம், இருக்கை காலியாக இருந்ததைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 11க்கு வருவோம். மறுநாள் காலை செய்தித்தாளில் விவரம் இருந்தது. அக்கட்சியின் 11 மாநிலங்களவை உறுப்பினர்களும் மசோதாவை ஆதரித்திருந்தனர். பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸும் ஆதரித்திருந்தார். அத்தா செய்தித்தாளைப் பட்டறைக்கு எடுத்துச் சென்றார்கள். மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது, எஸ்டிமேட் போடும் தாளின் பின்புறத்தில் மரத்தில் கோடு போடும் பென்சிலால் கணக்கு எழுதியிருந்தார்கள். 125இலிருந்து 11 போனால் 114. 105உடன் 11 சேர்ந்தால் 116. அவ்வளவுதான் அந்தத் தாளில். பா.ம.க.வின் ஒரு வாக்கைக்கூட அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. தம் கட்சியின் கணக்கை மட்டுமே போட்டிருந்தார்கள்.

அந்தப் பதினொருவருள் மேட்டூரைச் சேர்ந்த என். சந்திரசேகரனும் இருந்தார், இராணிப்பேட்டையைச் சேர்ந்த நம் சமுதாயத்தவரான அ. முகமது ஜானும் இருந்தார். இருவரும் அந்த ஜூலையில்தான் உறுப்பினரானவர்கள். முகமது ஜான் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, முஸ்லிம் ஒருவரைக் கட்சி அனுப்புகிறது என்று எங்கள் தெருவிலேயே மகிழ்ந்தவர்கள் உண்டு. அவர் 2021 மார்ச்சில் தேர்தல் பிரச்சாரத்தின்போது மாரடைப்பால் காலமானார். அல்லாஹ் அவருடைய பிழைகளை மன்னிப்பானாக. இறந்தவரைப் பற்றி இதற்குமேல் எழுத எங்களுக்கு மனமில்லை.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வாரம் கைபேசிக்கு வந்த பட்டியல் ஒன்றை நாங்கள் முஹல்லா குழுவுக்கு அனுப்பினோம். 'மாநிலங்களவையில் நமக்குத் துரோகம் செய்தவர்கள்' என்பது அதன் தலைப்பு. அதில் மேற்கு மாவட்டங்களைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் ஒருவருடைய பெயரும் இருந்தது. மக்களவை உறுப்பினர் மாநிலங்களவையில் எவ்வாறு வாக்களிக்க முடியும்? அதைக்கூட யோசிக்காமல் அனுப்பிவிட்டோம். செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒருவர்மீது சொல்வது மார்க்கத்தில் என்னவென்று சிறு வயதிலேயே மதரஸாவில் ஓதியவர்கள் நாம். விரல் அழுத்தும்போது அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தங்கை மகள் சுட்டிக்காட்டியதும் திருத்தம் எழுதி அனுப்பினோம். முதற்பட்டியலைப் பலரும் பிற குழுக்களுக்குக் கொண்டுபோயிருந்தனர். திருத்தத்துக்கு மூன்று பேர்தான் பதிலளித்தார்கள். அது எங்கெங்கே போயிற்றோ, யார் யார் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்களோ, நாம் அறியோம்.

அதன் பிறகுதான் பதிவேட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். இரு அவைகளின் நடவடிக்கைக் குறிப்புகளும் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் கிடைக்கின்றன. ஆயினும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகின்றன. ஆம் என்போர் ஒரு குரல், இல்லை என்போர் ஒரு குரல். எக்குரல் ஓங்கியது என்று அவைத் தலைவர் சொல்வதே முடிவு. அங்கே யாருடைய பெயரும் பதிவாவதில்லை. உறுப்பினர் யாராவது எழுந்து, எண்ணிப் பிரித்து வாக்கெடுங்கள் என்று கேட்டால்தான் இருக்கையிலுள்ள பொத்தான்களை அழுத்தும் வாக்கெடுப்பு நடைபெறும். ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான். பிறகு பெயர்ப்பட்டியல் அச்சேறும். ஆகவே ஓர் உறுப்பினரின் ஐந்தாண்டு வாக்குகளைத் தேடினால் விரல் விட்டு எண்ணத்தக்க சிலவே கிடைக்கும். வருகை நாட்கள், கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பி.ஆர்.எஸ். என்னும் ஆய்வு நிறுவனம் தொகுத்து வெளியிடுகிறது. அவை பயனுள்ளவையே. ஆனால் நூறு கேள்வி கேட்டவரும் ஒரு நாள் இரவில் ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார். அந்த இரவே நமக்கு முக்கியமாக இருக்கலாம்.

கொறடா உத்தரவை மீற முடியாதே என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். 1985இல் 52ஆவது திருத்தத்தால் வந்த பத்தாவது அட்டவணை அப்படித்தான் இருக்கிறது. கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தால், கட்சி 15 நாட்களுக்குள் பொறுத்துக்கொள்ளாவிடில், பதவி போகும். அதாவது உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தில்லை, பதவிதான் போகும். இதை எழுதும்போது எங்களுக்கே சற்றுக் கூச்சமாயிருக்கிறது. வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று கடையில் நாம் விழுங்கிய உண்மைகள் எத்தனை!

முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்களிப்பதைச் சாட்சியம் என்றும், பரிந்துரை என்றும், வகாலத் என்றும் மூன்று நிலைகளில் விளக்கியுள்ளார்கள். வேட்பாளரைத் தகுதியுடையவர் என்று நாம் சாட்சி சொல்கிறோம், பரிந்துரைக்கிறோம், நம் சார்பில் பேச அவரை வகீலாக்குகிறோம். மாநிலங்களவை உறுப்பினரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மெய். ஆனால் அந்தச் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது யார்? இதைச் சொன்னபோது அத்தா நெடுநேரம் பேசாதிருந்தார்கள். "அப்ப அந்தப் பதினொண்ணுல என் கையும் இருக்கு" என்றார்கள். இல்லை என்று சொல்லித் தேற்ற எங்களுக்கு வாய் வரவில்லை.

பிந்தைய ஆண்டுகளின் பேச்சுகளும் நினைவிலிருக்கின்றன. நம் எடப்பாடித் தொகுதியின் உறுப்பினரும் அன்றைய முதல்வருமான பழனிசாமி, 2020 தொடக்கத்தில், இச்சட்டத்தால் தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்ட ஒருவரையேனும் காட்டுங்கள் என்று சட்டமன்றத்தில் கேட்டார். 2021 மார்ச்சில் வெளியான அவர் கட்சியின் தேர்தல் அறிக்கை, அதே சட்டத்தைக் கைவிடுமாறு மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. 2024 மார்ச் 11 அன்று விதிகள் அறிவிக்கப்பட்டபோது அவர் கண்டித்தார். ஒவ்வொன்றையும் கேட்ட நாளில் அது உண்மைபோலவே தோன்றியது. அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் வேறாகத் தெரிகிறது. இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குணமன்று. பெருநாள் வாழ்த்துப் பலகையில் தொப்பியணிந்து சிரிக்காத தலைவர் எக்கட்சியில் இருக்கிறார்? நாமும் அந்தப் புகைப்படத்தில் இடம்பிடிக்க முண்டியடித்தவர்களே.

2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா வந்தது. அதற்குச் சில நாள் முன்னர், மார்ச் 27 அன்று, அதனைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்தை அத்தாவின் பழைய கட்சியும் ஆதரித்திருந்தது. மக்களவையில் 288க்கு 232. மாநிலங்களவையில் 128க்கு 95. இம்முறை அக்கட்சி எதிர்த்தே வாக்களித்தது. கண்புரை அறுவை செய்துகொண்ட அத்தாவுக்குச் செய்தியைப் படித்துக் காட்டினோம். முகம் மலர்ந்தது. "பார்த்தியா" என்றார்கள். நாங்களும் மகிழ்ந்தோம், சரியாகச் செய்ததைச் சரி என்று சொல்லாவிட்டால், தவறைத் தவறு என்று சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வரும்?

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அக்கட்சியும் பா.ஜ.க.வும் மீண்டும் கூட்டணி அமைத்த செய்தி வந்தது. அதையும் படித்துக் காட்டினோம். அத்தா எதுவும் சொல்லவில்லை. அஸருக்கு நேரமாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள்.

இவ்வாண்டு நோன்பில் அக்கட்சியின் உள்ளூர் நிர்வாகி ஒருவர் இஃப்தாருக்கு வந்திருந்தார். அத்தாவுக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். கஞ்சிக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, அன்னைக்கு அந்தப் பதினொரு பேரு ஏன் அப்படிப் போட்டாங்க?" என்று கேட்டார்கள். ஐந்து ஆண்டுக்கு மேலாகிவிட்ட கேள்வி. அவர் தடுமாறி, "அதெல்லாம் மேலிடத்து முடிவுங்க பாய்" என்றார். "அந்த மேலிடத்துக்கிட்ட நீ கேட்டியா?" என்றார்கள் அத்தா. அவர் கேட்டதில்லை என்றார். பின்னர், "சத்தியமா நம்மகிட்ட யாருமே இதைக் கேட்டதில்லீங்க" என்றும் சொன்னார். அதை அவர் சலிப்பாகச் சொல்லவில்லை. வியப்போடு சொன்னதாகவே எங்களுக்குப் பட்டது.

அத்தா இன்னும் எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்பதும் முறையன்று. எம்.ஜி.ஆர். படம் இப்போதும் பட்டறைச் சுவரில்தான் இருக்கிறது. அந்த எஸ்டிமேட் தாளை மடித்துத் தம் வாக்காளர் அட்டையோடு வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் நாளில், இம்முறை எவை வாக்கெடுப்புக்கு வருகின்றன என்று தங்கை மகளிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறார்கள்.