மொட்டைத் தலைக்கு ஏற்ற சுவர்

ஹோட்டல் போடப்போகும் முதலாளிகள் முன்பெல்லாம் பட்ஜெட்டை மட்டும் சொல்வார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். பாலித் தீவில் ஒரு காபி ஷாப், பெங்களூரு இந்திராநகரில் ஒரு ரெஸ்டாரன்ட், பிரம்பு விளக்கு, பூசாத சிமென்ட் சுவர், கூரையிலிருந்து தொங்கும் செடிகள். "இதே மாதிரி வேணும் சார்." படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஆள் இருக்கமாட்டார்கள். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்கு உள்ளலங்கார வேலை செய்ய முடியாது. சித்தூரிலும் திருப்பதியிலும் இந்தத் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது முக்கியமாக இதைத்தான்.

திருப்பதியில் நம் கடைக்குள் நுழைபவர் யார்? பெரும்பாலும் மலையிறங்கி வருபவர். விடியற்காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியவராக இருக்கலாம், இரவெல்லாம் வரிசையில் நின்றவராக இருக்கலாம். அலிபிரி வழியாக 3550 படி ஏறினவர்கள் உண்டு. வெறுங்காலோடு வருபவர்கள் உண்டு. இவர்களுக்கு முன்னால் வாசலில் இன்னும் மூன்று படி கட்டி, அதற்குப் பளபளவென்று கிரானைட்டும் ஒட்டி, "கெத்தா இருக்கும் சார்" என்று ஒரு முதலாளி சொன்னபோது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறும் பாட்டிகள்தான் என் கண்முன் வந்தார்கள். படிக்குப் பதில் சரிவு வைத்தோம். தரைக்கு வழுவழுப்பு விட்ரிஃபைடு வேண்டாம், மேட் ஃபினிஷ் போதும் என்று வாதாடி வாங்கினேன். பந்திக்குப் பந்தி ஈரத் துணியால் துடைக்கும் கடையில் பளபளப்பு என்பது வழுக்கலுக்கு இன்னொரு பெயர்.

அப்புறம் தலை. திருமலையில் முடி இறக்கிவிட்டு, மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறார்கள். சாப்பிட்டு முடித்த அலுப்பில் பின்னால் சாய்வார்கள். துணி போட்ட சோபாவானால் சாய்மானத்தின் மேல் விளிம்பிலும், சுவரானால் தரையிலிருந்து நாலு அடி உயரத்திலும் வட்ட வட்டமாக மஞ்சள் கறை விழும். இந்த வேலைக்குப் புதிதாக வந்த பையன்களிடம் திருப்பதியில் ஏதாவது பழைய ஹோட்டலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அந்தக் கறை வரிசையைவிடத் தெளிவான வரைபடம் கிடையாது. எங்கே உட்காருகிறார்கள், எந்த மூலையில் அதிக நேரம் உட்காருகிறார்கள், குழந்தையை எங்கே சாய்த்துப் படுக்கவைக்கிறார்கள் என்று எல்லாமே அதில் எழுதியிருக்கும். அதனால் ஐந்தடி உயரம் வரை துடைக்கக்கூடிய டைல்ஸோ லாமினேட்டோதான். பெயின்ட், வால்பேப்பர், கலைநயம் எல்லாம் அதற்கு மேலே.

ஏ.சி.யையும் இந்தத் தலைதான் தீர்மானிக்கிறது. அப்போதுதான் மழித்த தலையில் நேராகக் குளிர்காற்று அடித்தால் பெரியவர்களே துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். கைக்குழந்தையின் அம்மா சர்வரைக் கூப்பிட்டு ஏ.சி.யை நிறுத்தச் சொல்வார். பக்கத்து மேசைக்காரர் போடச் சொல்வார். மே மாதத் திருப்பதி வெயிலில் இரண்டு பேர் சொல்வதும் நியாயம். காற்று நடைபாதையின் மேல் விழுந்து பக்கவாட்டில் பரவும்படி யூனிட்டை வைத்தால் இந்தச் சண்டை பாதி குறையும். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன்பே மேசை எங்கே வரும் என்று முடிவுசெய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று லட்டுப் பை. பிரசாதத்தை யாரும் தரையில் வைக்கமாட்டார்கள். மடியில் வைத்துக்கொள்வார்கள். மடி நிறைந்தால் மேசையில் வைப்பார்கள், சாம்பார் வாளி வந்ததும் தூக்கிக்கொள்வார்கள். மேசை வரிசைகளுக்கு நடுவே இடுப்பளவுக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அதன் தலையில் ஓரடி அகலத்துக்குக் கல் பதித்தால் பை உட்கார இடம் கிடைத்துவிடும். பெட்டிகளுக்கு வாசல் பக்கத்திலேயே ஒரு மாடம். அது சாப்பிடுபவரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பெட்டி பார்வையில் இல்லாவிட்டால் இட்லி தொண்டையில் இறங்காது.

நாலு பேர் மட்டும் உட்காரும் பூத் சோபா இந்த ஊருக்குச் சரிப்படுவதில்லை. வருவது பத்துப் பேர், பன்னிரண்டு பேர். புரட்டாசி சனிக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் உடுத்திக்கொண்டு ஒரு வேன் ஆளே வந்து இறங்கும். ஒன்றோடொன்று சேர்த்துப் போடக்கூடிய ஒரே அளவு மேசைகள் வேண்டும். உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டருக்குக் குறையவே கூடாது, மலையேறிய கால்கள் தாழ்வான சோபாவிலிருந்து எழ மறுக்கும். சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று நாற்காலியை வேண்டுமென்றே இசைகேடாகச் செய்யச் சொல்லும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அந்த வேலையை நான் எடுப்பதில்லை. கூட்டத்தைக் கையாள வேறு வழி இருக்கிறது. திருமலையில் 2011-இல் திறந்த தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் ஒரு கூடத்துக்கு ஆயிரம் பேர் என்று நாலு கூடங்கள். அங்கே யாரும் யாரையும் விரட்டுவதில்லை. காத்திருக்க இடம், பந்தியாக உட்கார இடம், எழுந்து போக வழி என்று தனித்தனியாக இருப்பதால் தானாக நகர்கிறது. நாற்பது நாற்காலிக் கடைக்கும் அதே கணக்குதான். பில் கட்ட நிற்பவரும் இடத்துக்காக நிற்பவரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேகம் வந்துவிடும்.

சாமி படம் விஷயத்துக்கு வருகிறேன். "சாமி இல்லாம திருப்பதியில ஓட்டலா?" என்று கேட்காத முதலாளி இல்லை. கல்லாவுக்கு மேலே பெருமாள் இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. சுவர் முழுக்க, மேசை விரிப்பில், மெனு கார்டில், டிஷ்யூ பேப்பரில் என்று போகும்போதுதான் தடுக்கிறேன். எச்சில் கை படும் இடத்தில் நாமம் எதற்கு? மும்பையின் ஷிமுல் ஜவேரி காத்ரி நடத்தும் எஸ்.ஜே.கே. ஆர்க்கிடெக்ட்ஸ், திருப்பதியில் இன்று மராசா சரோவர் பிரீமியர் என்ற பெயரில் இருக்கும் ஹோட்டலைப் பத்து அவதாரங்களைக் கருவாக வைத்து வடிவமைத்தார்கள். அவதாரத்தைச் சிலையாகவே நிறுத்தியாக வேண்டும் என்பதில்லை, தண்ணீராலும் கல்லாலும் வெளிச்சத்தாலும் சொல்லலாம் என்று முதலாளிகளுக்கு விளக்க அந்தக் கட்டடம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. அந்தப் பட்ஜெட் நமக்கு இல்லை என்பார்கள். யோசனைக்குப் பட்ஜெட் தேவையில்லை.

நம் பட்ஜெட்டுக்குள் வருவது காளஹஸ்தி கலம்காரி. 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் மறுபடி தலையெடுத்த கலை. கடுக்காயிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைத்த பருத்தித் துணி, மூங்கில் பேனா, இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பு. புதிதாக வாங்கிய துணியை விரித்தால் இந்தக் கடுக்காய்ப் பால் வாசனை லேசாக வரும். கடை திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிக் காற்றாட விட்டுவிட வேண்டும். இயற்கைச் சாயம் நேர்வெயிலுக்கும் எண்ணெய்ப் புகைக்கும் தாங்காது, அதனால் ஜன்னலுக்கு எதிரேயோ தோசைக்கல் பக்கமோ மாட்டக் கூடாது. கண்ணாடி போட்டு அடைத்தால் துணியின் உயிர் போய்விடுகிறது. பின்னால் பஞ்சு அட்டை வைத்து, சுவரின் மேற்பாதியில் மரச்சட்டத்தில் இழுத்து அடித்தால் அழகோடு இன்னொரு லாபமும் உண்டு. டைல்ஸ், கிரானைட், கண்ணாடி, எவர்சில்வர் எல்லாம் சேர்ந்து எழுப்பும் இரைச்சலை அது கொஞ்சம் விழுங்கும். அசைவக் கடையாக இருந்தால் ராமாயணக் காட்சி வேண்டாம். மரமும் மயிலும் கொடியும் எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருகிறார்கள்.

மேசைப் பலகைக்குக் கடப்பா கல் கேட்பவர்கள் அதிகம். பக்கத்து மாவட்டக் கல், விலை மலிவு, கறுப்பு நிறமும் கம்பீரம். ஆனால் அது சுண்ணாம்புக் கல் ஜாதி. ரசமும் எலுமிச்சையும் தயிரும் பட்ட இடமெல்லாம் வெளிறிப் போகும். அலமாரிக்கும் லட்டுப் பைத் தடுப்புக்கும் கடப்பா, சாப்பிடும் பலகைக்குக் குப்பம் பக்கத்துக் கிரானைட் என்று பிரித்துவிடுவேன்.

சித்தூர் வேறு உலகம். எழுபது கிலோமீட்டர்தான், ஆனால் இங்கே வருபவர் பக்தர் அல்ல. காணிப்பாக்கம் போகிற கூட்டத்தைத் தவிர்த்தால் உள்ளூர்க் குடும்பங்கள், காலேஜ் பிள்ளைகள், சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே காரை நிறுத்துகிறவர்கள். தமிழும் தெலுங்கும் ஒரே மேசையில் கலந்து ஓடும். ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிப் புலுசும் சாப்பிட வருபவருக்கு அவசரம் கிடையாது. இங்கே பூத் சோபா போடலாம், விளக்கை மங்கலாக்கலாம், பலமனேர் சுடுமண் ஓடுகளைச் சுவரில் பதிக்கலாம். பிறந்தநாள் கேக் வெட்டிப் படம் பிடிக்கச் சுவர் ஒன்று கேட்டால் மறுக்காமல் செய்துகொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

கடைக்குள் அலங்கார வளைவு கேட்பவர்களைச் சந்திரகிரிக்கு அனுப்புகிறேன். அங்கே ராஜ மகால் மரமே இல்லாமல் கல், செங்கல், சுண்ணாம்பில் மூன்று தளம் நிற்கிறது. வளைவுதான் மாடியைச் சுமக்கிறது. நாம் பிளைவுட்டில் அறுத்து பி.ஓ.பி. பூசும் வளைவு எதையும் சுமப்பதில்லை, தூசியைத் தவிர. அப்படியும் வேண்டும் என்றால் குறைந்தபட்சம் சுவர்க் கனமாவது ஓரடி காட்டுங்கள் என்பேன். வெயிலிலிருந்து அந்த மகாலுக்குள் நுழைந்தவர்களுக்கு, குளுமை சுவர்க் கனத்திலிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பதி முதலாளிகளும் இப்போது செல்ஃபி சுவர் கேட்கிறார்கள். நியான் எழுத்து, செயற்கைப் புல், ஊஞ்சல். அங்கே அதைக் கை கழுவும் இடத்துக்கு மாற்றிவிடச் சொல்கிறேன். மொட்டை போட்டபின் பல பேர் தங்களை முதன்முதலாக நன்றாகப் பார்த்துக்கொள்வது ஹோட்டல் வாஷ்பேசின் கண்ணாடியில்தான். குழந்தைகள் தலையைத் தடவிப் பார்த்துச் சிரிக்கும், அப்பாவும் பிள்ளையும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று அம்மா படம் எடுப்பாள், பின்னால் கை கழுவ ஐந்து பேர் காத்திருப்பார்கள். அதனால் பேசின் இருக்கும் சுவரில் சின்னக் கண்ணாடி, எதிர்ச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கும் ஆளுயரக் கண்ணாடி. விளக்கு உச்சியிலிருந்து விழக் கூடாது, மண்டை பளபளத்து முகம் இருண்டுவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் மஞ்சள் வெளிச்சம் வர வேண்டும். செயற்கைப் புல்லுக்கு ஒதுக்கிய பணத்திலேயே இது முடிந்துவிடும்.