பக்கத்து வகுப்பு ஆசிரியை

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவர் ஒரே ஒருவர்தான். அது நான். மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும்கூட நானே. கணிதப் பணித்தியத்தின் தலைவரும் நான். கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர், தமிழ்மொழி பார்க்கும் ஆசிரியை. ஆள் பற்றாத ஆண்டுகளில் அவரும் ஒரு வகுப்புக்குக் கணிதம் எடுப்பார்; அதனால் பணித்திய உறுப்பினர்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பெரிய பள்ளிகளும் உண்டு. ஆனால் ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்பு என்று இருக்கும் பள்ளியில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருப்பவரும் ஆசிரியைதான். அவர் பள்ளியில் நான்காம் ஆண்டு மட்டும் ஐந்து வகுப்பு. ஓய்வு வேளையில் ஐந்து பேரும் கோப்பியோடு உட்கார்ந்து, “உன் வகுப்பில் பின்னம் எப்படிப் போகுது?” என்று கேட்டுக்கொள்வார்களாம். எனக்குக் கிடைத்தது மீகோரெங்கும் மாற்றல் கடிதம் பற்றிய பேச்சும்தான். குறை சொல்லவில்லை. பேச வேண்டிய விஷயத்தைப் பேச ஆள் இல்லை, அவ்வளவே.

1816-ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்துதான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுகிறோம். 2016-இல் இருநூறாம் ஆண்டு விழா கொண்டாடியபோது எனக்கு வேறு ஒரு நினைப்பு ஓடியது. அந்த முதல் வகுப்பில் நின்ற ஆசிரியர், பிள்ளைகளுக்கு ஒன்று புரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்?

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிக் கதவு மூடியது, என் கைப்பேசி திறந்தது. முதல் மாதத்திற்குள் 17 குழுக்களில் இருந்தேன். புலனத்தில் சில, டெலிகிராமில் பல. சில குழுக்களில் ஆயிரக்கணக்கானோர். ‘வணக்கம், நான்காம் ஆண்டு பயிற்சித்தாள் இருந்தால் பகிரவும்’ என்று ஒருவர் எழுதுவார். பத்து நிமிடத்தில் ஆறு கோப்புகள் வந்து விழும். கீழே கைகூப்பும் படங்கள், பூங்கொத்துகள். இரவு பதினொரு மணிக்கும் நிற்காது. என் கணவர் ஒருநாள், “இது ஆசிரியர் குழுவா, சௌராஸ்தா மார்க்கெட்டா?” என்று கேட்டார்.

நானும் வாரிக் குவித்தேன். பழைய கணினியில் இடம் இல்லாமல் போகும் அளவுக்கு. அவற்றில் நான் திறந்து பார்த்தது கால்பங்கு இருந்தால் அதிகம். 2016-இல் நானே இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த ஒரு பயிற்றி, ஐந்து ஆண்டு கழித்து எனக்கே திரும்பி வந்தது. என் பெயர் இருந்த இடத்தில் வேறொருவர் பெயர். முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. என்னுடைய பிழை ஒன்றும், ஏழாம் கேள்வியில், அப்படியே பத்திரமாக இருந்தது. அத்தனை பேர் கை மாறியும் ஒருவரும் அதைத் திருத்தவில்லை. அப்படியென்றால் ஒருவரும் அதை வகுப்பில் போட்டுப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த ஏழாம் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தாள்களைத்தான் பரிமாறிக் கொள்கிறோம். வகுப்பில் என்ன நடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

சொல்லிப் பார்த்தேன். விஷயம் தசமம். நான் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தசமத்தை ரிங்கிட், சென் வைத்துத்தான் சொல்லிக் கொடுத்து வந்தேன். பிள்ளைகளுக்குக் காசு தெரியும். RM என்று எழுதி 2.50 போட்டால் உடனே புரிந்துவிடும். புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பாதி வகுப்பு எங்கோ ஓர் இடத்தில் சறுக்கும். ஏன் என்று தெரியவில்லை என ஒரு குழுவில் எழுதினேன். எழுதிவிட்டு, அழித்துவிடலாமா என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கேள்வியா என்று நினைப்பார்களே.

ஜொகூரிலிருந்து ஓர் இளம் ஆசிரியை பதில் போட்டார். பணிக்கு வந்து மூன்று ஆண்டுதான். “டீச்சர், ரிங்கிட் என்ற சொல்லே இல்லாமல், 0.3 பெரிதா 0.25 பெரிதா என்று கேட்டுப் பாருங்கள்.”

மறுநாள் இயங்கலை வகுப்பில் கேட்டேன். வந்திருந்த 21 பேரில் 14 பேர் 0.25 என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு பையன், “அது இருபத்தஞ்சு சென், இது மூணு சென்தானே டீச்சர்?” என்றான்.

அவன் மேல் தப்பே இல்லை. காசில் புள்ளிக்குப் பிறகு எப்போதும் இரண்டு இலக்கம் வரும். புள்ளிக்கு இந்தப் பக்கம் ரிங்கிட், அந்தப் பக்கம் சென். இரண்டு தனித்தனி முழு எண்கள். அப்படித்தான் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்ற எண்ணமே அவர்கள் மனத்தில் உருவாக நான் இடம் கொடுக்கவில்லை. 0.25-ஐ “சுழியம் தசமம் இருபத்தைந்து” என்று வாசிப்பதும் நான்தான். “இரண்டு ஐந்து” என்று வாசித்திருந்தாலாவது கொஞ்சம் தப்பித்திருக்கலாம்.

அந்த ஆசிரியை ஒரு வழியும் சொன்னார். ஒரு மீட்டர் நீளக் காகிதப் பட்டை. அதைப் பத்தாகப் பிரித்துக் கோடு போடச் சொல்ல வேண்டும். மூன்று பங்குக்கு வண்ணம் தீட்டினால் 0.3. இன்னொரு பட்டையில் இரண்டு பங்கும் அடுத்ததில் பாதியும் தீட்டினால் 0.25. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் பேச்சே வேண்டாம். பழைய நாட்காட்டித் தாள்களை வெட்டி ஒட்டிப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்தார்கள். காசு அப்புறம் வரட்டும், முதலில் பட்டை. இப்போது அதுதான் என் வரிசை.

20 ஆண்டுகளில் எத்தனை வகுப்புகள் என் கையைத் தாண்டிப் போயிருக்கும்! அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பொறியாளர்கள். அவர்கள் எப்படியோ பிழைத்துக் கொண்டார்கள்.

இதோடு எல்லாம் சுபம் என்று எழுதிவிட முடியாது. அடுத்த சில வாரங்களில் அதே குழுவில் இன்னொன்று எழுதினேன்: ஐந்தாம் ஆண்டில் ஏழு பேருக்கு வாய்ப்பாடு கைவரவில்லை, என்ன செய்யலாம் என்று. அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கேயோ அனுப்ப, அது சுற்றிச் சுற்றி எனக்கு மேலே இருப்பவர் ஒருவரின் மேசைக்கு வந்தது. “பள்ளியின் பெயர் என்ன ஆவது?” என்ற கேள்விக்கு நின்றுகொண்டே பதில் சொன்னேன். அன்று மாலையே 17 குழுக்களில் 15-இலிருந்து வெளியேறினேன். அந்தக் கசப்பு இறங்க ஒரு தவணை பிடித்தது.

மறுபடியும் இழுத்து வந்தவர் அந்த ஜொகூர் ஆசிரியைதான். 11 பேர் கொண்ட சிறு குழு ஒன்றைத் தொடங்கினார். இரண்டே விதி. இங்கே பேசுவது வெளியே போகக்கூடாது. எந்தத் தாளைப் போட்டாலும், அதை வகுப்பில் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். பிள்ளைகளின் பெயரும் முகமும் வரக்கூடாது என்பதை மூன்றாவதாக நான் சேர்த்தேன். நமக்குள் நம்பிக்கை என்பது பெரியவர்களின் ஏற்பாடு. பிள்ளைகளை யாரும் கேட்கவில்லையே.

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிக்கப்பட்டபோது இந்தக் குழுவின் அருமை இன்னும் தெரிந்தது. தேர்வு போனதும் பெற்றோர்கள் கவலைப்பட்டார்கள், “இனி என் பிள்ளை எந்த நிலையில் இருக்கான்னு எப்படித் தெரியும்?” என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர்தான் அடைவுநிலை 1 முதல் 6 வரை முடிவு செய்ய வேண்டும். தர ஆவணத்தில் ஒவ்வொரு நிலைக்கும் விளக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையின் விடையைக் கையில் வைத்துக்கொண்டு, இது மூன்றா நான்கா என்று தனியாக உட்கார்ந்து முடிவெடுப்பது வேறு.

ஒருநாள் என் மாணவி ஒருத்தியின் விடையைப் பெயர் மறைத்துப் போட்டு, எந்த நிலை என்று கேட்டேன். மூன்று பேர் 3 என்றார்கள், இரண்டு பேர் 4, சுங்கை சிப்புட் தம்பி மட்டும் 5. நான் கொடுத்திருந்தது 3. அடித்துக்கொள்ளாத குறைதான். அவர் விடவில்லை. “அக்கா, விடையைப் பார்க்காதீங்க, வழியைப் பாருங்க. நீங்க சொல்லிக் கொடுக்காத வழியில் செஞ்சிருக்கா.” பார்த்தேன், உண்மைதான். கடைசிப் படியில் கூட்டலில் ஒரு பிழை. அதுதான் என் கண்ணை மறைத்திருந்தது. 5 கொடுக்க எனக்கு இன்னமும் மனமில்லை, 4-க்கு மாற்றினேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, “இந்த வழியை எங்கே கத்துக்கிட்டே?” என்று கேட்டேன். “நானே யோசிச்சேன் டீச்சர்” என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல.

இதெல்லாம் இணையம் வந்த பிறகு நமக்குக் கிடைத்த புதுமை என்று நினைக்க வேண்டாம். 1950-இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். முகம் பார்க்காத வாசகர்கள் பயிற்சி எழுதி அஞ்சலில் அனுப்ப, இருவரும் வாசித்துக் குறை நிறை சொன்னார்கள். மலாயாத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறை அங்கே கை பழகியது. எழுதியதை இன்னொருவர் கண்ணுக்குக் காட்டி, அடி வாங்கி, திரும்ப எழுதுவது. எங்கள் 11 பேர் குழுவும் அதே வேலையைத்தான் செய்கிறது, தபால்தலை மட்டும் இல்லை.

எங்கள் குழுவில் இரண்டு பேர் வாயே திறப்பதில்லை. ஆரம்பத்தில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இருவர் 1991-இல் எழுதிய நூலைப் பற்றிப் படித்தேன். லைபீரியாவில் தையல் தொழில் பழகும் பையன்களை அதில் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்களுக்கு முதலில் கொடுப்பது பித்தான் தைக்கும் வேலை, ஓரம் மடிக்கும் வேலை. துணி வெட்டுவது கடைசியில்தான். ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பழகுவதில் சேர்த்தி. அதற்குப் பிறகு அந்த இருவரையும் நான் தொந்தரவு செய்வதில்லை. அவர்களில் ஒருவர் போன மாதம் முதன்முறையாக ஒரு படம் போட்டார்: அவர் வகுப்புச் சுவரில் காகிதப் பட்டைகள்.

2020 டிசம்பர் 3-ஆம் தேதி உலக ஆசிரியர் விருது அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். மகாராஷ்டிராவின் பரிதேவாடி கிராமத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே வென்றார். பத்து லட்சம் அமெரிக்க டாலரில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். அந்த ஒன்பது பேரில் ஒருவர் நம் நாட்டு சாமுவேல் ஐசையா. பகாங், ருஞ்சாங்கில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். யுகுலேலேயும் பாட்டுமாக வகுப்பு நடத்தியவர். அன்று எல்லாக் குழுக்களிலும் அந்தச் செய்தி ஓடியது. ‘பெருமையாக இருக்கிறது’ என்று நானும் போட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் அவர் எப்படித்தான் பேச ஆரம்பித்தார் என்று கேட்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன பள்ளி விடுமுறையில் ஜொகூர் ஆசிரியை குடும்பத்தோடு பினாங்கு வந்தார். இத்தனை காலத்தில் நேரில் பார்ப்பது அதுவே முதல் முறை. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்தோம். ஃபெரியில் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்க, அவர் கணவர் அழைத்துக்கொண்டு பட்டர்வொர்த் போய்வரக் கிளம்பினார். குழுவில் “டீச்சர்” என்று எழுதுபவர், நேரில் “அக்கா” என்றார். அம்மா உடல்நிலை, வீட்டுக் கடன், வெயில் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

“அக்கா, நேரத்தைக் கழிக்கும்போது என் பிள்ளைகள் 60 கடன் வாங்காமல் 100 வாங்குறாங்க. என்ன செஞ்சும் போகமாட்டேங்குது” என்றார்.

என் வகுப்பிலும் அதே கதைதான் என்றேன். கடைக்காரரிடம் பேனா வாங்கி, ரசீதின் பின்பக்கத்தில் ஒரு கடிகார வட்டத்தை வரைந்தேன். “முதலில் இந்த வட்டத்தை நேராக நீட்டிப் பார்க்கலாமா, பட்டை மாதிரி?” என்று அவர் அதன் கீழே ஒரு கோடு போட்டார். ஃபெரி திரும்பி வந்து, பிள்ளைகள் பசியோடு வந்து நின்றபோது, நாங்கள் மூன்றாவது ரசீதில் இருந்தோம்.