தேடியது சுத்தியல்... கிடைத்தது புதையல்!
இங்கிலாந்தின் சஃபோல்க் பகுதியில், வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன கிராமம் ஹாக்ஸன். 1992 நவம்பரில் விவசாயி ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட, நண்பர் எரிக் லாஸ் மெட்டல் டிடெக்டரோடு தேடப் போனார். 'பீப்' சத்தம் கேட்ட இடத்தில் தோண்டினால்... ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளி நாணயங்கள்! நாமாக இருந்தால் விடிய விடியத் தோண்டியிருப்போம். லாஸ் கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியல் ஆய்வாளர்கள் வந்ததால், மரப்பெட்டிக்குள் எது எப்படி அடுக்கியிருந்தது என்பதுகூடத் தெரிந்தது. மொத்தம் சுமார் 15,000 நாணயங்கள். பரிசாக வந்த 17.5 லட்சம் பவுண்டை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார் லாஸ்.

கூடவே கிடைத்தது, பெண் உருவத்தில் செய்த வெள்ளி மிளகுக் குப்பி. ரோமுக்கு மிளகு போனது மலபார் கரையிலிருந்துதானே! லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைப் பார்க்கலாம். பிறகு கிடைத்த அந்தச் சுத்தியலும் மியூசியத்துக்கே போய்விட்டது.