தண்ணி மாறினவர்

ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் இடத்தில் ஒரு ரயில் பாலம். கோ ரயில் அதன்மேல் போகும்போது சேற்றுநிலத்துக் கோரைக்குள் இருந்து பறவைகள் எழும்பி, ரயில் போனபின் அதே இடத்தில் இறங்கும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறரைக்கு அந்தக் கார் பார்க்கில் நான் இருந்தேன். ஏழு மணிக்குக் கோயில் கூட்டம்.

வட்ஸ்அப்பில் நாலு குழு: பாடகர் குழு, முதல்நன்மை வகுப்பு, திருவிழாக் குழு, செத்தவீடு. நாலிலும் நான்தான் நிர்வாகி. போன கூட்டத்தைச் செபத்தோடு தொடங்கிவைக்கச் சொன்னார்கள். முப்பது விநாடியில் சொல்லி முடித்தேன். அடுத்தது கணக்கறிக்கை. அந்தக் கிழமை முழுவதும் நான் சொன்ன செபம் அது ஒன்றுதான் என்பது வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் உறைத்தது.

போன மாதம் ஊருக்குப் போய்வந்த மச்சாள் ஒரு போத்தல் நெல்லிரசம் கொண்டுவந்து தந்தா. தோலகட்டி நெல்லிரசம். மூடியைத் திறந்ததும் ஐயாவின் சைக்கிள் பாரில் இருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கம். இளவாலையிலிருந்து தெல்லிப்பழை, கட்டுவன் என்று செம்மண் ஒழுங்கைகளால் வசாவிளான் பக்கம் மிதிப்பார். எனக்குப் பின்பக்கம் மரத்துப்போய்விடும். சொன்னால், "கொஞ்சத் தூரந்தான் ராசா" என்பார். கொஞ்சத் தூரம் முடியவே முடியாது.

நாங்கள் போகும் தோலகட்டி ஆச்சிரமத்தில் இருந்தவர்கள் செபமாலைதாசர் சபைத் துறவிகள். 1926இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் மிஷன் வேலை பற்றி ஆயர்களுக்கு ஒரு சுற்றுமடல் எழுதினார். பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டினால் போதாது, செபமே தொழிலாக உள்ள மடங்களும் வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. யாழ்ப்பாண ஆயர் கியோமார் ஆண்டகை அந்த வேலையை அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளிடம் ஒப்படைத்தார். 1928இல் சபை தொடங்கியது. எங்கள் ஊர்களில் அப்போது குருமார் சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் ஓடித்திரிந்த காலம். அந்த ஓட்டத்துக்கு நடுவில் சிலரை ஓடாமல் இருக்கச் சொல்லி உட்கார்த்தியிருக்கிறார்கள். அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. தோட்டம் கொத்தினார்கள், முந்திரிகை வளர்த்தார்கள், பேச்சைக் குறைத்தார்கள், முறைவைத்துச் செபமாலை சொன்னார்கள்.

ஒருநாள் ஐயா போத்தலுக்காகக் காத்துநிற்க, நான் முந்திரிகைப் பந்தலுக்குக் கீழே நின்றேன். ஒரு துறவி மண்வெட்டியோடு தண்ணி மாறிக்கொண்டிருந்தார். ஒரு பாத்தி நிரம்பியது. வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்பவேண்டிய நேரம். மணி அடித்தது. அவர் மண்வெட்டியை வாய்க்காலில் குத்திவிட்டுப் போய்விட்டார். கை கழுவினாரா என்றுகூட நினைவில்லை. தண்ணி வரம்புக்கு மேலால் வழியத் தொடங்கியது.

"ஐயா, தண்ணி உடைச்சுக்கொண்டு போகுது!"

ஐயா தோட்டக்காரன். தண்ணி வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியாது. வேட்டியை மடித்துக் கட்டினார், இறங்கினார், வெட்டினார். ஒரு பாத்தி, இரண்டு பாத்தி, மூன்று. உள்ளே இருந்து செபமாலை ஒரே சீராகக் கேட்டது. அரை மணித்தியாலம் இருக்கும். திரும்பிவந்த துறவி ஐயாவைப் பார்த்துச் சிரித்தார். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. மண்வெட்டியை வாங்கி, ஐயா விட்ட பாத்தியில் தொடர்ந்தார்.

வழியில் கேட்டேன்: "முடிச்சிட்டுப் போயிருக்கலாமே? இன்னும் ஒரு வெட்டுத்தானே?"

"ஒரு வெட்டு முடிஞ்சா அடுத்த வெட்டு வரும்" என்றார் ஐயா. பிறகு கட்டுவன் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

ஐயாவும் என்னைப்போலக் கோயில் மூப்பர்தான். ஆனால் எங்கள் கோயிலில் திருந்தாதி மணி அடித்தால் தோட்டத்தில் நின்றபடியே தலைப்பாகையை அவிழ்ப்பார். பாதிக் கதையில் நின்றால் கதை அந்தரத்தில் தொங்கும். வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர், சைவக்காரர், மணி ஓயும் வரைக்கும் மிச்சக் காசைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். 1990இல் சண்டை தொடங்கி வலிகாமம் வடக்குச் சனம் எழும்பினபோது அந்த மணிச்சத்தமும் நின்றது. நான் அதற்கு முன்னமே கனடா வந்துவிட்டேன். ரூஜில் மணி இல்லை. ஃபோன் உண்டு, அது செபத்துக்குக் கூப்பிடுவதில்லை, கூட்டத்துக்குக் கூப்பிடுகிறது.

நேரம் கிடைத்தால் செபிக்கலாம் என்று நாற்பது வருசமாக இருந்திருக்கிறேன். தண்ணியை வேறு யாராவது மாறுவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் பெருமையும் அதில் இருந்திருக்கும்.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஃபோன் அடித்தது.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? மண்டபச் சாவி உங்களிட்டையெல்லோ?"

"மற்றச் சாவி ஆரிட்டை?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்னட்டைத்தான் கிடக்கு."

"அப்ப திறவுங்கோ. தொடங்குங்கோ. வாறன்."

ஃபோனைப் பக்கத்துச் சீற்றில் குப்புற வைத்தேன். பாலத்தில் அடுத்த ரயில் வந்தது. பறவைகள் எழும்பின. சட்டைப் பையில் செபமாலையைத் தேடினால் மண்டபச் சாவிதான் கையில் வந்தது. விரல்களை எண்ணத் தொடங்கினேன்.