நூல் காட்டிய வழி

மகள் உயர்தர வகுப்பிற்குச் செல்லவிருக்கிறாள். அவளுக்கொரு துவிச்சக்கர வண்டி வேண்டும். புதியது வாங்க ஆசிரியச் சம்பளம் இடங்கொடாது. பழையதொன்றை வாங்கி, மாதமொரு பாகமாகத் திருத்திக்கொள்வதென்று வீட்டில் தீர்மானமாயிற்று. அங்ஙனமாயின், எத்தகைய வண்டியை அடிப்படையாகக் கொள்வது? இக்கேள்விக்கு விடை கற்பித்தவர் நம் தந்தையார்.

1993 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலம். பதினைந்து வயதினரான நம்மைத் தந்தையார் பழைய சைக்கிள் விற்பவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். புதிதாகப் பச்சை வர்ணம் பூசிய வண்டியொன்றை நாம் பிடித்த பிடியில் விடவில்லை. அவர் மறுமொழி கூறாது, சட்டைப்பையிலிருந்து நூலொன்றை எடுத்தார். பின்சில்லு பூட்டுமிடத்தில் ஒரு முனையைக் கட்டி, முன்னே ஹான்டில் குழாயைச் சுற்றி, மறுபுறம் அதேயிடத்தில் இழுத்துக் கட்டினார். ஆசனக் குழாய்க்கும் நூலுக்கும் இடையே ஒருபுறம் ஒரு விரலே நுழைந்தது. மறுபுறம் இரு விரல்கள் நுழைந்தன.

“தம்பி, பெயின்ரைப் பாராதை. இது அடிபட்டு வளைஞ்ச பிறேம்,” என்றார்.

அடுத்து நின்றது துருவேறிய கறுத்த வண்டி. நூல் இருபுறமும் ஒத்து நின்றது. குழாய் மூட்டுகளில் வெடிப்பில்லை. மாற்றுப் பாகங்கள் கிடைக்குமா என்பதையும் அவர் விசாரித்தார். பழைய றலி வண்டிகளில் பெடல் அச்சுக் குழாயின் புரி அங்குலத்திற்கு 26. ஏனைய ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலும் 24. ஒன்றினுடையது மற்றதிற் பொருந்தாது. பெயரை மாத்திரம் நம்பி வாங்குவோர் அறிய வேண்டியது இது.

அழுகையை அடக்கிக்கொண்டு கறுத்த வண்டியை உருட்டி வந்தோம்.

சம்பளத்துக்குச் சம்பளம் அது வளர்ந்தது. முதலிற் சில்லுக் கம்பிகள், பின்பு பிறேக் கட்டைகள், பின்பு பலமான கரியர், ஈற்றில் டைனமோ. பற்றறி கிடையாத அந்நாட்களில், இரவில் வண்டியை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுழற்றினால் வானொலி செய்தி சொல்லும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அக்கரியரிலே அப்பாச்சியை இருத்தி, ஹான்டிலிலே மூட்டைகளைத் தொங்கவிட்டுத் தென்மராட்சிக்குத் தள்ளிச் சென்றோம். அந்த நெரிசலில் ஏறியோட இடமேது? சில்லு மடிந்த வண்டிகள் வழியோரத்திற் கிடந்தன. நம்முடையது நேராகவே உருண்டது. அன்றுதான் அந்த நூலின் பெறுமதி நமக்கு விளங்கிற்று.

சென்ற சனிக்கிழமை மகளுடன் கடைக்குச் சென்றோம். கியர் பூட்டி, படங்கள் ஒட்டிய வண்டியொன்றில் அவள் கண் நிலைத்தது. நாம் ஒன்றுங் கூறாது நூலை அவள் கையிற் கொடுத்தோம். கட்டினாள்; அளந்தாள்; சற்று நேரம் பேசாதிருந்தாள்.

“அப்பா, மற்றதைப் பாப்பம்,” என்றாள்.